பௌர்ணமி நண்டு

எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு சாயங்காலம் தவறாமல் உலகம் அழியும். மளிகைக்கடை செல்வநாதன் அண்ணாச்சி கொடிக்கயிற்றில் படுக்கைவிரிப்பைக் கட்டி, அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை ராட்சதப் படம் ஒன்றை ஓடவிடுவார். என் ஜன்னலுக்கு விரிப்பின் பின்பக்கம்தான் வாய்த்தது. எழுத்தெல்லாம் இடவலம் மாறி வரும். எனக்கென்ன, இங்கிலீஷ் எப்படி வந்தாலும் ஒன்றுதான்.

அவர் பக்கத்தில் எப்போதும் இன்னொரு நாற்காலி. மனைவி ஆவுடையம்மாளுடையது. ராட்சதன் தலைகாட்டியதும் அந்த அம்மாள் போடும் அலறலில் ராயபுரமே திரும்பிப் பார்க்கும். அந்த அம்மாள் செத்து ஒரு வருஷம். அதிலிருந்து ராட்சதன் வந்ததுமே அண்ணாச்சி படத்தை நிறுத்திவிடுகிறார். தனியாளாக அதற்குமேல் பார்க்க முடியவில்லையாம். கடையில் யாரிடமோ சொன்னார். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. ஆக, எனக்கும் ஒரு வருஷமாக எந்தப் படத்தின் முடிவும் தெரியாது.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. காசிமேட்டு ஆட்கள் வீட்டில் சும்மாதானே இருக்கிறார்கள் என்று அண்ணாச்சி தெருவையே கூப்பிட்டுவிட்டார். சுண்டல் வேறு. யாராவது ஒருத்தர் பயந்து, கடைசிவரை கூட உட்கார்ந்தால் போதும் அவருக்கு. கடல்காரர்களுக்கென்று தேடித்தேடி எதைப் போட்டார் தெரியுமா? கடலிலிருந்து வரும் ராட்சத நண்டு!

நண்டு எழுந்தது. பின்னால் முழு நிலா. மீன் விற்கும் மங்கம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, பின்னாடி நிலா கீது பாரு. பௌர்ணமி நண்டு. உள்ள சதையே இருக்காது, வெறும் தண்ணி."

"இம்மாம் பெரிய ஓடு, உள்ள காலி! ஏமாந்துட்டியே நைனா!" என்றான் விசைப்படகு தீபன்.

மாடியே குலுங்கியது.

"கொஞ்சம் இருங்க, இனிமேதான் ஊருக்குள்ள வரும்."

"வரட்டும் அண்ணாச்சி, மசாலா அரைச்சிகினு இருக்கோம்!"

சிரித்துக்கொண்டே சுண்டலோடு இறங்கிப் போய்விட்டார்கள்.

விரிப்பின் ஓரமாகப் பார்த்தேன். அண்ணாச்சியின் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. எனக்கு என்ன தோன்றியதோ, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆவுடையம்மாள் மாதிரியே ஓர் அலறல் அலறினேன்.

கை அப்படியே நின்றது. மெல்ல உட்கார்ந்தார். படம் ஓடியது. கடைசியில் நண்டு மின்கம்பியில் சிக்கிக் கருகியது. இவ்வளவுதானா? இதற்கா ஒரு வருஷம் காத்திருந்தேன்?

நன்றி என்று ஒரு வார்த்தை இந்தப் பக்கம் வருமென்று காதைத் தீட்டினேன். அவர் காலி நாற்காலியின் பக்கம் சாய்ந்தார்.

"நண்டு செத்துட்டு, ஆவுடை. இனி பயப்படாத."

முதல் தடவையாக, நானே என் ஜன்னலைச் சாத்தினேன்.