ஹார்ன்விக்கில் இறங்கிய பெண்

ஷார்ஜா ரோலாவில் ஒரு சிறிய பயண அலுவலகத்தில் சிவரூபி வேலை செய்தாள். சொந்த ஊர் இலங்கையில் பருத்தித்துறை. கோடை விடுமுறைக்கு இங்கிலாந்து போகிறவர்களுக்கு ஒவ்வொரு நாளும் எங்கே போகலாம் என்று திட்டம் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. லண்டன் அலுத்துப் போனவர்களை ஹார்ன்விக் என்ற சிறிய சந்தை ஊருக்கு அனுப்புவாள். இடிந்த கோட்டை, ஆட்டுப்பண்ணை, வியாழக்கிழமைச் சந்தை, பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்வரும் பழைய நீராவி ரயில் எல்லாம் அங்கே இருந்தன. எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு, எந்தத் தோட்டம் செவ்வாயன்று பூட்டியிருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்பவர்களிடம் "ஓம், ரெண்டு தரம்" என்பாள். அப்படிச் சொல்லச் சொன்னவர் மேலாளர் விஜயபாஸ்கர். உண்மையில் அவள் இரண்டு தடவை விசா கேட்டாள். இரண்டு தடவையும் கிடைக்கவில்லை.

ஜூலையில் மக்தூம், சித்தி மரியம் என்ற தம்பதியை அவள் ஹார்ன்விக்குக்கு அனுப்பினாள். கீழக்கரைக்காரர்கள். மக்தூமுக்குத் துபாய் தேராவில் துணிக்கடை. கடையை மகனிடம் விட்டுவிட்டு மனைவியோடு அவர் போன முதல் வெளியூர்ப் பயணம் அது.

மூன்றாம் நாள், ஷார்ஜாவில் மாலை மூன்றரை மணிக்கு மக்தூமின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, இவளெக் காணோம்! ரயில் கடைசி ஸ்டேஷனுக்கு வந்திருச்சு. ஆள் இல்ல. அவ போனு என் பையிலதான் கெடக்கு."

"எங்க வைச்சு கடைசியாக் கண்டனீங்கள்?"

"ஏறுனப்ப பக்கத்துலதான் இருந்தா. நான் மகன்கிட்ட ஒரு கன்டெய்னர் விஷயமாப் பேசிக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா சீட்டு காலி."

அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, சிவரூபி கோப்பைத் திறந்தாள். வழியில் இரண்டே நிறுத்தங்கள். முதலாவதில் முன்கூட்டிச் சொன்னால்தான் ரயில் நிற்கும். இரண்டாவதில் ஊர்க்காரர்கள் சம்பளம் வாங்காமல் ஒரு தேநீர்க்கடை நடத்தினார்கள். அதன் எண் அவளிடம் இருந்தது. கூப்பிட்டாள். ஒரு வயதான குரல், தலையில் முக்காடு போட்ட பெண்மணி வெளியே பெஞ்சில் இருக்கிறார் என்று சொல்லி, தொலைபேசியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது.

"அம்மா, ஷார்ஜாவில இருந்து சிவரூபி கதைக்கிறன். உங்கட அவர் பயந்துபோய் நிக்கிறார். வழி தவறிட்டீங்களோ?"

"இல்லம்மா, நானாத்தான் எறங்குனேன்."

"ஏன் அம்மா?"

"கோட்டையில அவுக கையில போன். ஆட்டுப்பண்ணையில போன். இங்க ரயில்லயும் போன். 'அங்க பாருங்க, மான் நிக்குது'ன்னேன். 'ம்'ன்னாக. தலையைத் தூக்கல. ரயிலு நின்னுச்சு, எறங்கிட்டேன். சண்டையெல்லாம் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ஏம்மா, நீங்க எழுதிக் குடுத்த தாள்ல இங்கேருந்து ஆறு தெரியும்னு போட்டிருந்துச்சு. நானும் மேடையில அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து பாத்துட்டேன். மரந்தான் தெரியுது. நீங்க வந்தப்ப தெரிஞ்சுச்சா?"

சிவரூபிக்குக் காது சுட்டது. ஓம் என்று சொல்லியிருக்கலாம், கேட்பவர் நம்பியிருப்பார்.

"நான் அங்க வந்ததே இல்லை அம்மா. படத்தில பாத்து எழுதினது. பொய் சொல்லிப்போட்டன்."

மறுமுனையில் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. மரியம் கோபப்படவில்லை.

"அப்பச் சரி, நான் சொல்றேன், எழுதிக்கங்க. மேடை ஓரமா ஊதாப்பூச் செடி. ஒரே தேனீ. டீ பெரிய கோப்பையில தர்றாக, ஆனா சப்புன்னு இருக்கு. கொடி காட்டுற அம்மாவுக்கு எண்பது வயசாம். எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டன்." உண்மையாகவே எழுதியிருந்தாள். "அவருக்கு என்ன சொல்லட்டும்?"

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. ரயிலு திரும்பி வர்றப்ப நான் ஏற மாட்டேன். அவுக இங்க எறங்கட்டும்."

சிவரூபி அதை அப்படியே மக்தூமிடம் சொன்னாள். அவர் நீளமாக மூச்சு விட்டார்.

"எதுக்கு எறங்குனாளாம்?"

"அதை நீங்கள் அவவிட்டத்தான் கேக்கோணும். போனைப் பைக்குள்ள வைச்சிட்டு இறங்குங்கோ அண்ணை."

அவர் வைத்துவிட்டார். அன்று மாலையே சிவரூபி கோப்பிலிருந்து ஆற்றை எடுத்துவிட்டு மரியம் சொன்னதைச் சேர்த்தாள். விஜயபாஸ்கர் பின்னால் நின்று படித்தார்.

"டீ சப்புன்னு இருக்கும்னு எழுதினா யார் போவாங்க?"

"போய்ப் பாத்த ஆள் சொன்னது, சார். போகாத ஊருக்குப் போனன் எண்டு இனிச் சொல்ல மாட்டன்."

"ஒரு மாசம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போனார்.

இரண்டு வாரம் கழித்து மக்தூம் வந்தார். ஏதோ சண்டைக்கு வந்திருக்கிறார் என்று சிவரூபி எழுந்து நின்றாள். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அங்க எறங்கி ரெண்டு ரயிலை விட்டுட்டோம் தங்கச்சி. மொத ரயில் போற வரைக்கும் அவ அந்தப் பூச்செடியத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் பேச ஆரம்பிச்சா. கல்யாணமான வருஷத்துலேருந்து பேசுனா."

"பிறகு?"

"கேட்டுக்கிட்டே இருந்தேன், வேற என்ன செய்ய. வியாழக்கிழமை சந்தைக்கு என்னைய வர வேணாம்னுட்டு அவளே தனியாப் போய்ட்டா. மூணு மணி நேரம். நான் ரூம்ல உக்காந்து ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்பி வந்தப்ப மொகமெல்லாம் சிரிப்பு. ஆட்டுப்பால் சீஸாம், ஒரு கட்டி வாங்கியாந்தா."

"நல்லா இருந்ததோ?"

"வாயில வைக்க முடியல" என்றார் மக்தூம். "முழுசும் தின்னுட்டுத்தான் எந்திரிச்சேன்."