கவுன் மாட்டிய போர்க்கப்பல்

அந்தக் கடற்பயணத்தில் வில்கோ நான்காம் முறையாகக் கவுன் மாட்டினான். சின்ன உடம்பு, மீசை அரும்பாத முகம். அவன் செய்த பாவம் அதுதான். டோப்பாவுக்குள் பழைய வியர்வை நாறியது. குழந்தை வண்டியில் குழந்தைக்குப் பதில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கிடந்தது.

அவன் நின்ற கப்பலின் விலாவில் நார்வேப் பெயர், கம்பத்தில் நார்வேக் கொடி. தகரத் தடுப்புகளுக்குப் பின்னால் ஆறு ஜெர்மன் பீரங்கிகள். எதிரே வந்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பல், நெருங்குவதா விலகுவதா என்று தயங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சீமாட்டி, இடுப்ப இன்னும் கொஞ்சம் ஆட்டினா ஒடிஞ்சா போயிரும்?" தடுப்புக்குப் பின்னாலிருந்து பீரங்கிக்காரன் க்ளாஸ் இளித்தான்.

"வாய மூடுடா, பன்னி."

டோப்பாவைக் கழற்றி வீசினால் போதும், அந்தக் கப்பல் ஓடிவிடும். ஓடிக்கொண்டே ரேடியோவில் அலறும். நாளைக்கே எதிரிப் போர்க்கப்பல் வந்து க்ளாஸையும் சேர்த்து முந்நூறு பேரைக் கடலுக்குள் அனுப்பும். வில்கோவின் கை டோப்பாவரை போனது.

சரக்குக் கப்பலின் தளத்துக்குச் சமையல்காரர் ஒருவர் வந்து, கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து அவனைப் பார்த்து ஆட்டினார்.

வில்கோவும் கையை ஆட்டினான். சிரிக்கவும் செய்தான். அந்தக் கப்பல் பக்கத்தில் வந்தது.

போர் விதிப்படி, சொந்தக் கொடியை ஏற்றிய பிறகுதான் சுட வேண்டும். அதற்கு ஏழு நொடி. இந்த ஏழு நொடிக்கு அதிகாரிகள் வைத்திருந்த பெயர் மானம். முதல் குண்டு சரக்குக் கப்பலின் ரேடியோ அறையை ஆளோடு பிய்த்தெறிந்தது.

பிழைத்தவர்களைப் படகில் கொண்டுவந்தார்கள். கவுனைக் கழற்றிய வில்கோ, கயிற்றேணியின் மேல் நின்று கைகொடுத்தான். கடைசியாக அந்தச் சமையல்காரர். இரண்டு கையும் வெந்திருந்தன. வில்கோ முன்பு சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன்; அவர் பேசிய ஆங்கிலம் புரிந்தது.

"தம்பி, அந்த அம்மா... கைக்குழந்தையோட நின்னாங்களே. சண்டைக்கு முன்னாடி உள்ள போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"அப்பாடா. எங்க ஒத்தப் பீரங்கியால நாங்க திருப்பிச் சுட்டது எதுவும் அவங்க மேல..."

அவர் பார்வை அவன் வாயில் நின்றது. உதட்டுச் சாயத்தைத் துடைக்க மறந்திருந்தான்.

அவர் அவன் கையை உதறினார். வெந்த விரல்களால் முரட்டுக் கயிற்றைப் பற்றிக்கொண்டு, மிச்சம் இருந்த இரண்டு படியையும் தானே ஏறினார்.