முள்ளங்கிக்கும் எழுபத்திரண்டு

என் வீட்டுக்காரர் வெற்றிவேல் எதையும் நிறை குறை பார்க்காமல் வீட்டுக்குள் விடமாட்டார். என்னையும் அப்படித்தான் விட்டார். பெண் பார்த்துவிட்டுப் போனவர், "நெறம் கொஞ்சம் கம்மி, பல்வரிசை நல்லாருக்குது, கணக்குத் தெரியுது, கோவம் வரும் போல" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினாராம். கடைசியாகச் சொன்னது முழு உண்மை. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோபத்தைப் பாத்திரங்களிடம்தான் காட்டி வருகிறேன். எங்கள் வீட்டில் நெளியாத சொம்பு கிடையாது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்குச் செல்போன் கடை. கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறார். புதுசாக எந்தச் சாமான் வந்தாலும் நாலு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, கேமரா முன்னால் உட்கார்ந்து விரலை மடக்குவார். முதலில் நிறைகள், பிறகு குறைகள். ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அவலூர்பேட்டை, அனந்தபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் அவர் பேச்சை நம்பிக் கடையைத் தேடி வருகிறார்கள்.

போன தை மாதம் உடம்பைக் கவனிக்கிற ஸ்மார்ட் வாட்ச் ஜோடியாக வந்தது. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. ஆணும் பெண்ணும் ஆளுக்கொன்று இரண்டு மாசம் கட்டிப் பார்த்து உண்மையான ரிவ்யூ தரப்போகிறோம் என்று சேனலில் அறிவித்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஜோடியாக வாங்கி வந்தது அது ஒன்றுதான்.

இடது கையில் கட்டச் சொன்னார். அந்த மணிக்கட்டில் ஏற்கெனவே அவர் இருந்தார். கல்யாணமான வருஷம் மேல்மலையனூர் திருவிழாவில் குத்திய பச்சை அது. நான் சின்னதாக ஒரு பூ குத்திக்கொள்கிறேன் என்றேன். பூ எதற்கு, என் பேரைக் குத்து என்றார். குத்தியவன் வஞ்சனை இல்லாத ஆள். மணிக்கட்டை வளைத்து 'வெற்றிவேல்' என்று பட்டையாக எழுதி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வேல் வரைந்து, இண்டு இடுக்கெல்லாம் மையை ரொப்பிவிட்டான். கை மூன்று நாள் வீங்கியிருந்தது. அவர் கையில் என் பேரைக் குத்தலாமா என்று கேட்டதற்கு, "ஆம்பளைக்கு எதுக்கு அதெல்லாம்" என்றார். அந்தப் பச்சையின் மேல்தான் வாட்ச் உட்கார்ந்தது.

வாட்ச்சைச் சும்மா குறை சொல்லமாட்டேன். தண்ணீர் குடி என்று ஞாபகப்படுத்தும். நான் தண்ணீர் குடித்தேனா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அடுப்படியில் வேலையாக இருக்கும்போது போன் அடித்தால் கையிலேயே அதிரும். சென்னையில் வேலை பார்க்கும் மகன் அழைத்தால் அவன் பெயரைக் காட்டும். ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஆத்திரம். மத்தியானம் எல்லா வேலையும் முடித்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தால், உட்கார்ந்தே இருக்காதீர்கள், எழுந்து நடங்கள் என்று கையைச் சுரண்டும். இந்த வீட்டில் என்னை எழுந்திரு என்று சொல்ல ஆள் இல்லாத குறை அன்றோடு தீர்ந்தது.

அவர் கையில் அது நன்றாகவே வேலை செய்தது. ஒருநாள் கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நூற்றிருபது என்று காட்டிவிட்டது. ஷட்டரை இழுத்துவிட்டு நேராகப் பாண்டிச்சேரிக்குப் போனார். ரத்தம், ஸ்கேன், எக்கோ, ஒன்று விடாமல் பார்த்தார்கள். உடம்பில் ஒன்றும் இல்லை, டீயைக் குறையுங்கள் என்றார்கள். அன்றோடு வீட்டில் எனக்கும் சேர்த்து டீ நின்றது.

மாசி மாதம் எனக்கு ஆரம்பித்தது. துணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினால் பாதிப் படியில் மூச்சு வாங்கும். தாடை வலிக்கும். பல்தான் என்று நினைத்தேன். முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ முட்டியை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். நின்றால் போய்விடும், நடந்தால் வந்துவிடும். நாலைந்து நாள் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னேன்.

"கையக் காட்டு" என்றார்.

வாட்ச்சில் முதலில் வெறும் கோடு ஓடியது. "லூசாக் கட்டிருக்குற" என்று வாரை இரண்டு ஓட்டை தள்ளி இறுக்கினார். எழுபத்திரண்டு என்று வந்தது. ஆக்சிஜன் தொண்ணூற்றேழு.

"எல்லாம் நார்மல். கேஸ்தான் இது. பூண்டு சாப்டு."

அதற்குப் பிறகு அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நான் வலிக்கிறது என்பேன், அவர் கையைக் காட்டு என்பார், வாட்ச் எழுபத்திரண்டு என்னும், நான் போய் உலை வைப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், எல்லாம் சரியாக இருக்கும்போது எதற்கு டாக்டர், டென்ஷனைக் குறை என்பார். வேலிக்கு ஓணான் சாட்சி. கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் வலியை ஜோடிக்கிறேனோ என்று. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். எனக்கு வலிக்கிறதா என்று நானே கண்ணாடியைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் சாம்பாருக்கு முள்ளங்கி அரிய உட்கார்ந்தவள், என்ன தோன்றியதோ, வாட்ச்சைக் கழற்றி ஒரு முள்ளங்கிக்குக் கட்டினேன். நல்ல தண்டியான முள்ளங்கி. கொஞ்ச நேரம் பச்சை வெளிச்சம் மினுக்கியது. பிறகு எழுபத்திரண்டு என்றது. ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு, என்னைவிட ஒன்று கூட. முள்ளங்கியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இதுக்கும் நார்மல்தாங்க. பூண்டு குடுக்கலாமா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது மனுசன் கட்டுறதுக்குச் செஞ்சது. ஈரமா இருந்தா லைட்டு பட்டு அப்பிடித்தான் காட்டும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். ஆனால் முள்ளங்கியை அரிய விடவில்லை. கடைக்கு எடுத்துக்கொண்டு போய் அதை வைத்து ஒரு சின்ன வீடியோ போட்டார். அந்த வாரம் செஞ்சியே சிரித்தது. முள்ளங்கி பொய் சொல்கிறது என்று தெரிந்தவருக்கு, அதே வாட்ச் என் கையில் சொல்வது மட்டும் எப்படி உண்மையாகத் தெரிந்தது என்று நான் கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரிவ்யூவுக்குக் கடைசிச் சோதனை மலையேற்றம். ராணிக்கோட்டைக்கு ஏறி, கீழே எவ்வளவு துடிக்கிறது, மேலே எவ்வளவு துடிக்கிறது என்று காட்ட வேண்டுமாம். நான் வரமாட்டேன் என்றேன். "நீ வரலன்னா ரிவ்யூவே பாதிதான்" என்றார். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று காலையிலேயே கிளப்பினார்.

கால்வாசி தூரம்கூட ஏறியிருக்கமாட்டேன். முதுகில் இருந்த முட்டி நெஞ்சுக்கு வந்துவிட்டது. தாடை, இடது தோள், எல்லாம் ஒன்றாக வலித்தது. ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருந்தது. செத்துவிடுவேன் என்று அந்தப் படியில்தான் முதன்முதலாக நினைத்தேன்.

"என்னால முடியலங்க. நெஞ்சு அடைக்குது."

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். ஒரு கையில் கேமரா. "பாருங்க ஃப்ரெண்ட்ஸ், எனக்கு நூத்தி நாப்பது காட்டுது. நம்ம வீட்டம்மாவுக்கு மல ஏறியும் எழுவத்தாறுதான். இவங்க ஹார்ட்டு எப்பிடி ஃபிட்டா இருக்குது பாருங்க." கேமராவை அணைத்துவிட்டு என்னிடம், "உனுக்கு நடந்து பழக்கமில்ல, அதான். நீ இங்கியே உக்காந்திரு. வெயில் ஏறதுக்குள்ள மேல போய் ஒரு ஷாட் எடுத்துட்டு வந்துர்றேன்" என்றார்.

என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. படிப்படியாக ஏறிப் போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவையாவது திரும்புவார் என்று நினைத்தேன். வளைவில் மறைந்தார்.

வாட்ச்சைக் கழற்றிப் படியில் வைத்தேன். பிறகு உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினேன். பக்கத்துச் சுவரில் இருந்த குரங்குகள்கூட என்னிடம் பறிக்க ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டன.

கீழே வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற தைலம்மாள் என்னைப் பார்த்துவிட்டு எழுந்தாள். முன்பின் பழக்கம் இல்லாதவள், பேரே பிறகுதான் தெரியும்.

"இன்னாம்மா, மூஞ்சி சாம்பல் பூத்தாப்பல கீது? எங்கூடைகிட்ட உயுந்து தொலைக்காத, அப்புறம் போலீஸ் கேசுன்னு நான் அலையணும்" என்று திட்டிக்கொண்டே என்னைத் தாங்கிப் பிடித்தாள். போகிற ஆட்டோவை மறித்து ஏற்றினாள். "கெவுருமென்ட் ஆஸ்பத்திரிக்கு உடுப்பா, நிக்காத" என்றாள். அவள் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள்.

செஞ்சி ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். அட்டாக் என்றார்கள். வாயில் மாத்திரையைப் போட்டு, 108 வண்டியில் ஏற்றி முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

தைலம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டு அவர் பின்னாலேயே வந்து சேர்ந்தார். அழுதார். அழவில்லை என்று சொன்னால் எனக்குப் பாவம். மறுநாள் டாக்டர் வந்தபோது போனை நீட்டினார்.

"சார், ரெண்டு மாசத்து டேட்டா இருக்குது சார். ஒருநாள்கூட எறங்கல, ஏறல. எல்லாம் நார்மல் சார்."

சின்ன வயசு டாக்டர். போனைப் பார்க்கவில்லை. என் இடது கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "வாட்ச் இந்தக் கையிலதான் கட்டுனீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இவ்ளோ பச்சை குத்தியிருக்கே. இந்த மையைத் தாண்டி அந்த வெளிச்சம் போகாது. ஏதோ ஒரு நம்பரைக் காட்டியிருக்கும். சரியா காட்டியிருந்தாலும், நாடி நார்மலா இருக்கறதால அட்டாக் இல்லன்னு சொல்ல முடியாது" என்றார். பிறகு அவரிடம் திரும்பி, "அவங்க வலிக்குதுன்னு சொல்லலியா?" என்று கேட்டார்.

"சொன்னா சார். ஆனா ரீடிங் நார்மலா..."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். என் ரத்தத்துக்கும் அந்த வாட்ச்சுக்கும் நடுவில் மறித்துக்கொண்டு நின்றது இவர் பெயர்தான் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். கஞ்சி வைத்தார், துணி துவைத்தார். ஒருநாள் கூடத்தில் விளக்கையும் கேமராவையும் கொண்டுவந்து வைத்தார்.

"ரஞ்சனி, இது ஜனங்களுக்குத் தெரியணும். நம்ம பக்கம் எத்தினி பொம்பளைங்க கையில பச்ச இருக்குது. நீயும் வந்து நெறை குறை சொல்லு."

அவர் சொன்னது நியாயம்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவர் விரலை மடக்கி எல்லாவற்றையும் சொன்னார். என் மணிக்கட்டைக் கேமராவுக்குக் கிட்டே பிடித்து, பச்சையைக் காட்டினார். பிறகு, "ஒரு யூசரா நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

"வாட்ச்சு மேல எனக்குக் கோவம் இல்ல" என்றேன். "அதுக்குக் காது வச்சுச் செய்யல. எனக்கு வலிக்குதுன்னு நான் வாட்ச்சுகிட்டயாங்க சொன்னேன்? உங்ககிட்டதான் சொன்னேன்."

அவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அதை அணைத்தார். "போய் மாத்திரையப் போடு" என்றார்.

மறுநாள் வீடியோ வந்துவிட்டது. நிறை ஐந்து, குறை நான்கு. நான்காவது குறை பச்சை குத்திய கை. அவசியமான தகவல், நன்றி அண்ணா என்று கீழே வரிசையாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு தடவை முழுசாகப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கிற இடத்தில் வெட்டி ஒரு மியூசிக்கைப் போட்டிருக்கிறார். என் முகமும் அதில் இல்லை. கை மட்டும் வருகிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார், அவர் பெயர் தெளிவாகத் தெரிகிறது.