சஹிடான் கையெழுத்துப் போட்ட மரம்

எங்கள் ஊரில் ஒரு மரத்தை வெட்டலாமா, விடலாமா என்று சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் பெயர் சஹிடான். மர வைத்தியருக்கான ஆர்பரிஸ்ட் லைசென்ஸ் வைத்திருந்தவர். சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரம் சாய்கிறது என்று நகராண்மைக் கழகத்துக்குப் புகார் போனால், சஹிடான் வந்து மரச்சுத்தியால் அடிமரத்தைத் தட்டிக் கேட்டு, கையெழுத்துப் போடும்வரை யாரும் செயின்சாவைக் கையில் எடுக்க முடியாது. சட்டம் அப்படி.

அவர் மேலே ஏறினால் கீழே கயிற்றைப் பிடித்து நிற்பது மனைவி ரொஹைடா. கல்யாணமான நாளிலிருந்து வேறு யாரிடமும் அவர் அந்தக் கயிற்றைக் கொடுத்ததில்லை. ஏறுவதற்கான சான்றிதழ் அவளுக்கும் உண்டு. ஆனால் மரத்தைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்லும் லைசென்ஸுக்கு அவள் பரீட்சை எழுதவில்லை. "வீட்டுக்கு ஒரு கையெழுத்துப் போதும்" என்பாள்.

முதல் சந்தேகம் சூராவ் தொழுகைக்கூடத்துக்குப் பின்னால் நின்ற மாமரத்தடியில் வந்தது. ஏறுவதற்குத் தயாராக நின்ற கணவரின் இடுப்புக் கயிற்றைப் பார்த்தவள் திடுக்கிட்டாள்.

"பாங்," கணவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், "முடிச்சப் பாருங்க."

சஹிடான் குனிந்து பார்த்தார். தவறாகப் போட்டதில் அதிர்ச்சியில்லை. எது தவறு என்று தேடுவதுபோல் வெகுநேரம் பார்த்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. பிறகு அவிழ்த்துச் சரியாகப் போட்டார்.

"உனக்கு இன்னும் கண்ணு தெரியுதான்னு பாத்தேன், ஐடா."

"தெரியுது, தெரியுது. ஏறுங்க."

அன்றிலிருந்து அந்த முடிச்சைத் தன் கையால் தொட்டுப் பார்க்காமல் அவரைத் தரையிலிருந்து கிளம்ப விட்டதில்லை அவள்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சொன்ன கதையையே மறுபடி சொன்னார். ஜோகூரில் இருக்கும் மகள் போனில், "அப்பா ஏம்மா கேட்டதையே கேக்கிறாரு?" என்றாள். வயதாகிறது என்றாள் ரொஹைடா. அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால், "மரத்துக்கு வைத்தியம் பாக்கிறவனுக்கே வைத்தியமா?" என்று சிரித்துத் தட்டிக் கழித்தார்.

அந்த வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். ஈப்போவில் தேர்வு. ரொஹைடா அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள். தேர்வில் தோற்றுவிட்டால் அவள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அவரும் யாரையும் நொந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆனால் அன்று சஹிடான் பழைய சஹிடானாக இருந்தார். அடிபட்ட ஆளைப்போல் மரத்தின் உச்சியில் கட்டித் தொங்கவிட்ட பொம்மையை, தூளியிலிருந்து குழந்தையை எடுப்பதுபோல் பதமாக இறக்கிக் கொண்டுவந்தார். தட்டிக் கேட்ட மரங்களில் ஒன்றில்கூட அவர் கணிப்புத் தப்பவில்லை. பார்த்துக்கொண்டிருந்த இளவட்டங்கள் கைதட்டினார்கள்.

தேர்வாளர் லோகநாதனை ரொஹைடா தனியாகக் கூப்பிட்டாள்.

"என்சிக் லோகா, அவர பெயில் பண்ணுங்க."

"என்ன காக்," அக்கா என்று கூப்பிட்டுச் சிரித்தார் அவர். "வீட்ல சண்டையா?"

"வெளையாடல. அவருக்கு எல்லாம் மறக்குது."

"எனக்குந்தான் மறக்குது. கார் சாவி தேடாத நாளே இல்ல." அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் தாழ்ந்தது. "காக், இன்னிக்கு வந்ததுலயே அவர்தான் நல்லா செஞ்சாரு. எதைச் சொல்லி பெயில் பண்ணட்டும்? டாக்டர் கடுதாசி ஏதாச்சும் இருக்கா?"

இல்லை.

திரும்பும் வழியில், டோல் தாண்டியதும் சஹிடான் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஐடா, நம்ம வீடு எந்தப் பக்கம்?"

குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் இறங்கி வந்து காரை ஓட்டினாள். புது லைசென்ஸ் சட்டைப்பையில் இருந்தது. வீடு வரும்வரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இனி ஏறக்கூடாது என்றாள். மூட்டு வலியைக் காரணம் காட்டினாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அவர் ஒத்துக்கொண்டதுதான் அவளை அழவைத்தது. சோதனைக்கு மட்டும் இருவரும் போனார்கள். அவர் தட்டுவார், அவளும் காது கொடுப்பாள். அவர் சொல்வார், அவள் எழுதுவாள். அவர் கையெழுத்துப் போடுவார். மரத்தில் ஏறினால்தானே விழுவார், தரையில் நின்று கையெழுத்துப் போட்டால் யார் விழப்போகிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

சின்னம்மா மகன் கல்யாணக் கெண்டூரி விருந்துக்கு வெங்காயம் உரிக்க அவள் போயிருந்த நாளில் நகராண்மைக் கழகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆரம்பப் பள்ளிச் சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள். ஒன்று பள்ளிக்கூடப் பக்கம், ஒன்று திடல் பக்கம். சஹிடான் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்ப் பார்த்தார். எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அவளிடம் சொல்ல மறந்துவிட்டார்.

அடுத்த வாரம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த ரொஹைடாவுக்குச் செயின்சா சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது திடல் பக்கத்து மரம் தரையில் கிடந்தது. ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மீன் பையைக் கீழே வைத்துவிட்டு வெட்டிய அடிமரத்தருகே மண்டியிட்டாள். விளிம்பிலிருந்து நடு வரை ஈரம் காயாத, கெட்டியான மரம். ஒரு விரல் நுழைய ஓட்டையில்லை.

நிமிர்ந்து எதிர்ப்பக்கம் பார்த்தாள். பள்ளிக்கூடப் பக்கத்து மரம் நின்றது. போன வருடம் அதைத் தட்டியபோது காலி டின்னைத் தட்டிய மாதிரி லேசாக ஒரு சத்தம் வந்தது அவளுக்கு நினைவிருந்தது. அதன் நிழலில் கச்சாங் பூத்தே கடலை விற்பவர் வண்டியைப் போட்டிருந்தார். பள்ளி வேனுக்குக் காத்திருந்த பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

இரண்டு மரங்களையும் மாற்றி எழுதிவிட்டாரோ என்று தோன்றியும் அவள் நேராக அலுவலகத்துக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரை அழைத்து வந்தாள். தனக்குத் தெரியாத காரணம் ஏதாவது அவர் சொல்லமாட்டாரா என்ற நப்பாசை.

சஹிடான் குந்தி உட்கார்ந்து வெட்டுமுகத்தை உள்ளங்கையால் தடவினார். வெகுநாள் கழித்து அவர் முகத்தில் அந்தப் பழைய கூர்மை வந்தது.

"யாரு இத வெட்டச் சொன்னது?"

ஆட்கள் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தார்கள்.

"ஐடா, பாரு. நம்ம பேரப்பிள்ளைக்குப் பேரன் வர்ற வரைக்கும் நின்னிருக்கும். எந்த மடையன் கையெழுத்துப் போட்டான்? அவன் லைசென்ஸப் புடுங்கணும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவன் வாயைத் திறந்தான். ரொஹைடா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"தெரியல பாங். விசாரிக்கிறேன்."

"விசாரி. விட்டுடாத."

"அந்தப் பக்கத்து மரம்?"

அவர் அண்ணாந்து ஒரு முறை பார்த்தார். "அதுதான் போகணும். உள்ள ஒண்ணுமே இல்ல. பிள்ளைங்கள மொதல்ல அங்கேருந்து கெளப்பு."

அவளே போய்ப் பிள்ளைகளைப் பள்ளி வாசலுக்குள் விரட்டினாள். வண்டிக்காரரையும் நகரச் சொன்னாள். பிறகு கணவரை வீட்டில் விட்டு, காப்பி கலந்து கொடுத்துவிட்டு, நகராண்மைக் கழகப் பூங்காப் பிரிவின் அதிகாரியம்மா புவான் தியோவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

புவான் தியோ கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "காக் ஐடா, நீங்க சொல்லிட்டா நான் மேல சொல்லித்தான் ஆகணும். சொன்னா அவர் தொழில் அதோட முடிஞ்சுது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஒரு ராத்திரி யோசிச்சுட்டு நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்குக் காலைல பிள்ளைங்க திரும்ப அங்கதான் வந்து நிப்பாங்க, புவான்."

புவான் தியோ போனை எடுத்தார். சாயங்காலத்துக்குள் சாலையை அடைத்தார்கள். ஈப்போவிலிருந்து வேறொரு லைசென்ஸ்காரர் வந்து மரத்தை இறக்கினார். அடிமரத்துக்குள் ஒரு கன்றுக்குட்டி படுக்கலாம்போல் வெற்றிடம் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஊரில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவுமில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். லைசென்ஸ் வாரியத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ரொஹைடாவுக்கு. சஹிடான் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"எப்பத் திருப்பிக் குடுப்பீங்க?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "யாரு போயி சொன்னது?" என்றார்.

"நான்தான், பாங்."

அவர் வெளியே போய், மரவேலைக்கு வைத்திருந்த லோரியின் படியில் உட்கார்ந்துகொண்டார். அவள் சமைத்ததைத் தொடவில்லை; கடையில் நாசி லெமாக் வாங்கிச் சாப்பிட்டார். பல நாள் பேச்சில்லை. பிறகு ஒரு காலையில் சிரித்த முகமாக வந்து, "காப்பி இருக்கா, ஐடா?" என்றார். மன்னித்துவிட்டார் என்று அவள் மனம் குளிர்ந்தது. மத்தியானம் அவர் சட்டைப்பைகளை ஒவ்வொன்றாகத் துழாவினார்.

"என் லைசென்ஸ் எங்க?"

"எடுத்துக்கிட்டாங்க, பாங்."

"ஏன்? யாரு போயி சொன்னது?"

மன்னிக்கவில்லை, மறந்திருக்கிறார். அவள் மறுபடியும் "நான்தான்" என்றாள். அவர் முகம் முதல் நாள் உடைந்ததுபோலவே உடைந்தது.

அதன்பின் அடிக்கடி அது நடந்தது. மகள் விடுமுறையில் வந்திருந்தபோது கண்ணால் பார்த்தாள்.

"ஏம்மா அவரப் போட்டு வதைக்கிற? 'தெரியல'ன்னு சொல்லிட்டுப் போயேன். அரை மணி நேரத்துல மறந்துடப் போறாரு."

"ஒரு தடவ சொல்லியிருக்கேன். அந்த வெட்டின மரத்துகிட்ட."

"அப்ப இன்னொரு தடவ சொன்னா என்ன?"

மகளிடம் எப்படிச் சொல்வது? யார்மேலோ அவர் கோபப்பட்டால் அது வெறும் கோபம். அவள்மேல் கோபப்படும்போது அவருக்கு அவள் மனைவி. மற்ற நேரங்களில் அவர் பார்வை இப்போதெல்லாம் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு மாலை அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவள் வாழைப்பழம் பொரித்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கேள்வி வரும் என்று மனதைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"காக், உங்களுக்கு என் பொண்டாட்டியத் தெரியுமா?" என்றார் அவர்.

அவள் தட்டைப் படியில் வைத்தாள்.

"தெரியும்."

"கீழ நின்னு கயிறு புடிப்பா. அவ புடிச்சா எவ்வளவு ஒசரத்துக்கும் போவலாம்." சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். "ஆனா அவதான் என்னக் காட்டிக் குடுத்துட்டா."

"அவ மேல கோவமா?"

"ஆமா."

"ஏன் அப்படிச் செஞ்சான்னு கேட்டீங்களா?"

"இல்ல." அவர் வாசல் கேட்டின் பக்கம் பார்த்தார். "வரட்டும். வந்ததும் கேக்கிறேன்."

தட்டை அவர் பக்கமாக நகர்த்தினாள் ரொஹைடா. அவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அந்நிய வீட்டில் சாப்பிடுகிறவர்போல் மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு மறுபடியும் கேட்டைப் பார்த்தார். அவளும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.