அக்கா பேச்சை மாற்றிய மதியம்

நாட்டின் மத்திய வங்கியில் அவள் மொழிபெயர்ப்பாளர். வட்டி விகித அறிவிப்பின் வரைவை முந்தைய வாரமே படித்துவிடும் சிலரில் ஒருத்தி. அதைப் பற்றிக் கணவனிடம்கூட மூச்சு விடமாட்டாள்.

அவளுடைய தம்பி பங்குத் தரகன். சந்தை ஏறும், இன்னும் ஏறும் என்றே எப்போதும் சொல்வதால் நண்பர்கள் அவனுக்குக் 'காளை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு விலைவாசி கண்மண் தெரியாமல் ஏறியது. எண்ணெய் வாரத்துக்கொரு விலை விற்றது. ஆனாலும் தேர்தல் நெருங்குவதால் மத்திய வங்கி அரசாங்கத்தை மீறி வட்டியை உயர்த்தாது என்று எல்லோரும் நம்பினார்கள். பங்குகள் உச்சத்தில் இருந்தன. ஒரு வியாழக்கிழமை வட்டியை ஒரேயடியாக உயர்த்தினார்கள். கடனில் ஓடும் கம்பெனிகளின் பங்குகள் மதியத்துக்குள் மளமளவென்று சரிந்தன.

தம்பிக்கு மட்டும் சேதமில்லை. முந்தின நாளே எல்லாவற்றையும் விற்றுத் தள்ளியிருந்தான். அவன் மனைவி போனில் பெருமையடித்தபோது அக்கா நம்பாமல் திரும்பக் கேட்டாள். காளை விற்கிறானா?

முதலில் கணவனைத்தான் சந்தேகப்பட்டாள். தான் தூக்கத்தில் ஏதாவது உளறியதை அவர் தம்பியிடம் கொண்டுபோய்ச் சொல்லிவிட்டாரோ? சாப்பாட்டு மேசையில் அவரே தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"உன் தம்பிகிட்ட ஏதாவது சொன்னியா?"

"நான் கேக்க நெனச்சத நீங்க கேக்கறீங்க."

அதன்பின் இருவரும் தேவைக்கு மட்டுமே பேசிக்கொண்டார்கள். அவர் குளிக்கும்போது அவருடைய போனை எடுத்துப் பார்த்தாள். தம்பியோடு பேசிய தடயமே இல்லை. அழித்துவிட்டாரோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

மறுநாள் தம்பியின் அலுவலகத்துக்கே போய்க் கேட்டாள். அவன் கதவைச் சாத்தினான்.

"நீ எதுவும் சொல்லலக்கா. ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது, வீட்டுக் கடனுக்கு மாறாத வட்டி எடுக்கவா, மாறுற வட்டி எடுக்கவான்னு கேட்டேன்ல? எப்பவும் 'என்னக் கேக்காதடா'ன்னு சிரிப்பே. அன்னிக்குச் சிரிக்கல. வெயில் அடிக்குது, ஜன்னலச் சாத்துன்னே. விலைவாசி ஏறுற நேரத்துல நீ மறைக்கறேன்னா வட்டி ஏறப்போகுதுன்னுதான அர்த்தம். எனக்கு அது போதும்."

"வேணும்னேதான் கேட்டியா?"

அவன் கணினித் திரைப் பக்கம் திரும்பி, காபி குடிக்கிறாயா என்றான். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாகத் தன் முகத்தைத்தான் அவன் படித்துக்கொண்டிருந்தானா என்று நினைத்தபடியே அவள் வெளியே வந்தாள்.

அவள் நேராகத் தன் மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். விசாரணைக்கு வந்தவர் திரும்பத் திரும்பக் கேட்டும் நம்பவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னதற்காக ஒருவன் மொத்தப் பங்குகளையும் விற்பானா என்றார். அவளை வங்கி நூலகத்துக்கு மாற்றினார்கள். விசாரணை முடியும்வரை தம்பியின் தரகு உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். கூடப் பிறந்தவளே வயிற்றில் அடித்துவிட்டாள் என்று அவன் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

மாற்றல் உத்தரவு வந்த அன்று மாலை, போனைப் பார்த்ததைக் கணவனிடம் ஒப்புக்கொண்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தானும் அவளுடைய கைப்பையைக் கிளறிப் பார்த்ததாகச் சொன்னார். இருவருக்கும் கோபம் வரவில்லை. ஆனால் வேறு எதையெல்லாம் பார்த்திருப்பார் என்று அவளும், இவள் இதை ஏன் இப்போது சொல்கிறாள் என்று அவரும் யோசித்தபடியே உட்கார்ந்திருந்தார்கள்.