சின்ன விரலுக்குத் திறக்கும் கதவு

வாதம் என் வலது கையையும் வலது காலையும் ஒரே காலையில் கொண்டுபோனது. நாக்கையும் கொஞ்ச நாள் கட்டி வைத்துவிட்டுத் திருப்பித் தந்தது. "ஓடித் திரிஞ்ச என்ரை பெர்னடெட்டுக்கு நாக்குக்கு முதல் கால் வந்திருக்கவேணும். ஆண்டவருக்கு ஆளை விளங்கேல்லை" என்று என் புருசன் சிமியோன் வார்ட் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. படகையும் எஞ்சினையும் விற்று ஒரு பழைய கார் வாங்கினார். எனக்குக் கை கால் பயிற்சி தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில். குருநகரிலிருந்து பஸ்ஸில் என்னை ஏற்றி இறக்குவது நடக்கிற காரியமா? விற்ற படகிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரேயொரு சாமான்தான், அரைவாசி தீர்ந்த ஒரு கிறீஸ் தகரப்பேணி. பச்சை நிறம், களிமண் போலத் தடிப்பு. எஞ்சின் தண்டில் பூசினால் உப்புத் தண்ணீர் கிட்டவும் வராது.

காரில் எனக்கு ஒரே குறை கதவு. நான் இருப்பது இடது பக்கம், கதவும் இடது பக்கம், மிஞ்சிய நல்ல கையும் இடது. எல்லாம் கடவுள் பார்த்து ஒழுங்குபடுத்தியது போலத்தான் இருந்தது. ஆனால் படுக்கையில் கிடந்து பெலன் குறைந்த அந்தக் கையால் கைபிடியை இழுத்தால், இறுகிய கதவு அசையாது. சிமியோன் சுற்றி ஓடி வந்து வெளியிலிருந்து திறந்து, என் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி இறக்குவார். ஆஸ்பத்திரியில் யார் பார்த்தாலும் எனக்கென்ன? ஆனால் கோயில் முற்றத்தில் அது நடக்கக்கூடாது. தலையில் மீன்பெட்டியோடு நான் ஓடித் திரிந்ததைப் பார்த்த சனம் அங்கே நிற்கும்.

"கதவை நானே திறக்க ஏலுமெண்டால் பூசைக்கு வாறன். இல்லாட்டி என்னைக் கேக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டேன். மாதக்கணக்காக ஃபாதர் வீட்டுக்கு வந்துதான் நற்கருணை தந்தார்.

"உதுக்கே இவ்வளவு காலம் வராமல் இருந்தனி?" என்று சிமியோன் பேணியைத் தூக்கினார். கதவைத் தாங்கும் பிணைச்சல், பூட்டு, திறப்புப் போடும் ஓட்டை என்று ஒன்றும் விடாமல் விரலால் தோண்டித் தோண்டி அப்பினார். படகுக்குச் செய்ததையே காருக்கும் செய்தார், வேறென்ன தெரியும் அந்த மனிசனுக்கு? முற்றத்தில் வைத்துப் பார்த்தபோது கதவு முன்னையைவிட இளகித்தான் இருந்தது. நல்ல மீன்பாடு கிடைத்த நாளில்கூட அவர் முகம் அப்படி இருந்து நான் கண்டதில்லை.

அந்த மாதம் பெரிய வீதியைக் கிண்டிப் போட்டிருந்தார்கள். சண்டிலிப்பாய்த் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் பாதையால்தான் போய் வந்தோம். இரண்டாம் முறை ஆஸ்பத்திரி வாசலில் கைபிடியை இழுக்கிறேன், கதவு கல்லாக நின்றது. வெளியிலிருந்து அவர் இழுத்தும் அசையவில்லை. கடைசியில் கியர்த் தடியைத் தாண்டி அவருடைய பக்கத்தால் என்னை இழுத்தெடுத்தார்கள். சேலை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

"உங்கடை கிறீஸைக் கொண்டுபோய்க் கடலிலை கொட்டுங்கோ!" என்று கத்தினேன்.

நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லும் மனிசன், குனிந்து என் செருப்பைத் தேடி எடுத்துக் காலில் மாட்டிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் நிறுத்தினார். கடை நிரோஜினி என்ற பெண்ணுடையது. அவள் வந்து கைபிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவில் முழங்கையால் ஒரு போடு போட்டாள். திறந்தது. பூட்டுக்குள் பச்சை இல்லை, செம்மண் குழைத்த சேறுதான் இருந்தது.

"ஐயா, உங்கடை கார் கடலுக்கையே ஓடுது?" என்று பிணைச்சலில் இருந்த பச்சைக் கிறீஸைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"நாப்பது வருசமா உது என்னைக் கைவிடேல்லைப் பிள்ளை" என்றார் சிமியோன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"பிழை கிறீஸிலை இல்லை ஐயா. கடலிலை ஏது புழுதி? பூட்டுக்குள்ளை இருக்கிறது சின்னச் சின்ன ஸ்பிறிங். தடிச்ச கிறீஸ் புழுதியைப் பிடிச்சு வைச்சு அதுகளை இறுக்கிப்போடும். மண்ணெண்ணெயாலை கழுவிப்போட்டு, இந்த வெள்ளைக் கிறீஸை மெல்லிசாப் பூசுங்கோ. திறப்பு ஓட்டைக்கு ஈரமா ஒண்டும் வேண்டாம், பென்சில் கரித்தூளே காணும்."

"பிணைச்சலுக்கு?" என்று நான் உள்ளிருந்து கேட்டேன்.

"அதுக்குத் தடிப்பு நல்லம் அன்ரி. புழுதியை மட்டும் இடைக்கிடை துடைச்சால் சரி."

"அப்ப அந்தப் பேணியை எறியாதேங்கோ" என்றேன், சிமியோனைப் பார்த்து. அவர் என்னைப் பார்க்காமல் தலையாட்டினார்.

சனிக்கிழமை பின்னேரம் குசினி யன்னலால் பார்த்தேன். பழைய பல்லுப் பிறஸ்ஸால் பூட்டைக் கழுவித் துடைத்து, வெள்ளைக் கிறீஸைத் தொட்டுத் தொட்டு வைத்தார். பிறகு தன் வலது கையைத் துவாயால் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். என்ன விசர் இந்த மனிசனுக்கு என்று நினைத்தேன். போய் என் இருக்கையில் இருந்து, கதவைச் சாத்தி, இடது கையால் திறந்தார். திறந்தது. அவருக்கு அது போதவில்லை. வலை இழுத்த கை அல்லவா, அதற்கு எந்தக் கதவும் திறக்கும். பிறகு சின்ன விரலை மட்டும் கைபிடியில் கொளுவி இழுத்தார். திறக்கவில்லை. இறங்கிப் போய் மறுபடி கழுவினார், பூசினார், வந்து இருந்தார். பொழுதுபடும் வரை அதே வேலை. கடைசியில் சின்ன விரலுக்குக் கதவு 'டக்' என்று திறந்தபோது, கட்டிய கையோடு அப்படியே இருந்து சிரித்தார். என் கை எவ்வளவு இழுக்கும் என்று எனக்கே தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அன்று அடுப்படியில் இருந்தபடியே நன்றாக அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் கார் நின்றது. நினைத்தது போலவே சனம் நின்றது. சிமியோன் இறங்கி, சுற்றி வராமல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காரின் பொனற்றுக்கு முன்னால் நின்றார். கை இரண்டும் பின்னால். விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

இழுத்தேன். டக். தள்ளினேன். கதவு முழுதாகப் போய்த் திறந்து நின்றது.

சத்தம் கேட்டும் அவர் திரும்பவில்லை.

"இஞ்சாருங்கோ."

"என்ன?"

"வந்து கையைத் தாங்கோ."

திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "தனிய எண்டெல்லே சொன்னனி?"

"கதவைத்தான் சொன்னனான். உங்களை ஆர் வேண்டாமெண்டது?"

ஓடி வந்தார். அத்தனை சனமும் பார்க்க, நகக் கண்ணில் வெள்ளைக் கிறீஸ் ஒட்டியிருந்த அந்தக் கையைப் பிடித்து எழும்பினேன். உள்ளே போய் மர வாங்கில் இருக்கும் வரை விடவில்லை.