எங்கள் வீட்டுக்கு அரை நாள் வந்த ஃபிரிட்ஜ்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். எங்கள் காலனியில் இருபத்திரண்டு வீடுகள். எந்த வீட்டில் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மருத்துவக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. செஞ்சிக் கோட்டைக்குப் பின்புறம் இருக்கும் எங்கள் இருளர் காலனியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவளே நான் ஒருத்திதான். சாதிச் சான்றிதழ் ஒன்று வாங்குவதற்கே என் அப்பா பாவாடை, எனக்கு நைனா, செங்கல் சூளை வேலைக்கு அடிக்கடி லீவு போட்டு மூன்று வருஷம் நடையாய் நடந்தார். நீட் தேர்வு இரண்டாம் முறைதான் கைகொடுத்தது. இடம் கிடைத்தால் போதுமா? ஐந்தரை வருஷம் விடுதியில் சாப்பிட வேண்டும், புத்தகம் வாங்க வேண்டும், வெள்ளைக் கோட்டு வாங்க வேண்டும். செங்கல் அறுக்கிற வீட்டில் அதற்கெல்லாம் எங்கே போவது!

எங்களைப் போல, மருத்துவம் படிக்க இதுவரை ஆளே போகாத சனத்துப் பிள்ளைகளுக்கென்று உதவித்தொகை கொடுக்கிற அறக்கட்டளை ஒன்று சென்னையில் இருந்தது. எழுதிப் போட்டேன். நேரில் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்றார்கள். கிடைத்தால் வரும் வியாழக்கிழமை கல்லூரியில் சேரலாம். கிடைக்காவிட்டால் என் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

"நாளைக்கு நம்ம வூட்டப் பாக்க வராங்க நைனா" என்று சொல்லிவிட்டு நான் படுத்துத் தூங்கிவிட்டேன். எதற்குப் பார்க்க வருகிறார்கள் என்று அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். வரவேண்டியவர் பெயர் மனோரமா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறக்கட்டளைக்காகச் சம்பளம் வாங்காமல் ஊர் ஊராகப் போய் வீடு பார்க்கிறவர். அவர் வந்த பஸ் திண்டிவனத்தில் பழுதாகி, வேறு பஸ் பிடித்து வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. வெயிலில் வாடிப்போய் இறங்கினாலும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினார். எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

ஆட்டோவில் போகும்போது, "அந்த மலை மேல ஏறியிருக்கியா?" என்று கேட்டார்.

"வெறகு பொறுக்க ஏறியிருக்கேன்மா" என்றேன். அதற்கு மேல் அவர் மலையைப் பற்றிக் கேட்கவில்லை.

காலனி முனையில் ஆட்டோ திரும்பியதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் சந்தனம் குங்குமத்தோடு நின்றன. பக்கத்தில் நைனா! நான் பிறந்ததிலிருந்து பார்க்காத முழுக்கைச் சட்டை, கையில் கடிகாரம். அம்மா நீலப் பட்டுப் புடவையில், எங்கே மடிப்புக் கலைந்துவிடுமோ என்று அசையாமல் நின்றாள். காலனியே சுற்றி நின்றது.

உள்ளே போனோம். எங்கள் வீடு ஒரே அறை. ஒற்றை பல்பு, ஒரு பாய், தண்ணீர்க் குடம், என் புத்தகங்கள். காலையில் நான் விட்டுப்போனது அவ்வளவுதான். இப்போது அதே அறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ, பெரிய டிவி, அப்புறம் ஒரு ஃபிரிட்ஜ். நாங்கள் இருவரும் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே நுழைய முடிந்தது.

ஃபிரிட்ஜை எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டு ஆண்டாள் சின்னம்மா பழைய இரும்புக் கடையில் வாங்கியது. அது ஓடாது. எலி தொடாமல் அரிசி வைப்பதற்காகத்தான் அவள் அதை வாங்கினாள்.

மனோரமா அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை எடுத்தார். "இந்த டிவி உங்களுதா?"

"எங்களுதுதாம்மா" என்றார் நைனா, நெஞ்சை நிமிர்த்தி.

"ஃபிரிட்ஜ்?"

"எங்களுதுதான்."

"வண்டி?"

"ரெண்டு இருக்குதுமா. ஒண்ணு ரிப்பேர் ஆயிட்டா இன்னொண்ணு வேணுமில்ல?"

வாசலில் நின்ற ஆண்டாள் சின்னம்மா தலையை நீட்டி, "நல்ல வசதியான குடும்பம்மா. பாவாட அண்ணன் ஒருத்தர்கிட்ட கை நீட்டினது கெடையாது" என்றாள். பின்னால் இருபது பேர் ஆமாம் போட்டார்கள். பீரோ, கட்டில் வரைக்கும் கேட்டு முடித்தார் மனோரமா அம்மா; ஒவ்வொரு பதிலுக்கும் அவர் பேனா ஒரு டிக் போட்டது. நான் எட்டிப் பார்த்தேன். 'இவற்றுள் இரண்டுக்கு மேல் இருந்தால் தகுதியில்லை' என்று படிவத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. எங்களுக்கு ஐந்து டிக் விழுந்திருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், நைனா பொய் சொன்னார் என்று ஊரைக் கூட்டிச் சொன்னதாகிவிடும். சூளையில் எத்தனையோ பேர் அவரை எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். காலனியில் மட்டும் ஒருவர்கூட அவரை ஒரு சொல் சொன்னதில்லை. அதை நானா சொல்வது?

மனோரமா அம்மா பேனாவை மூடினார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. "சந்தோஷங்க. பொண்ணை நல்லாப் படிக்க வச்சிருக்கீங்க. ஆனா இந்தப் பணம் ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு ஒதுக்கினது. உங்களுக்கு அது தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்" என்று சொல்லி எழுந்தார்.

நைனாவுக்குப் புரியவில்லை. சிரித்தபடியே கைகூப்பினார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, எதுவும் எங்களுது இல்ல!" என்று கத்தினேன். "டிவி வளர்மதி அக்காவுது. வண்டி குரு அண்ணனுது, கூட நிக்கிறது அவரு மச்சானுது. பீரோ, கட்டிலு, எங்கம்மா கட்டிக்கினு இருக்கிற பொடவ, எல்லாம் எரவல். ஃபிரிட்ஜ தொறந்து பாருங்க, உள்ள ரேஷன் அரிசிதான் இருக்கும்!"

மனோரமா அம்மா திறந்தார். அரிசிதான் இருந்தது. கூடவே ஆண்டாள் சின்னம்மாவின் மருமகன் வேட்டி ஒன்றும் இருந்தது.

நைனா கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏன் சொன்னோம் என்று அழுகை வந்தது.

"ஏங்க இப்படிச் செஞ்சீங்க?" என்று மனோரமா அம்மா மெதுவாகக் கேட்டார்.

நைனா தரையைப் பார்த்துச் சொன்னார்: "இல்லாதவனுக்கு எவம்மா குடுத்தான்? சூளையில அட்வான்சு கேட்டா, வூட்ல இன்னா வச்சிருக்கறன்னு கேப்பாங்க. பேங்குல போயி நின்னா, எத நம்பி உனக்குக் குடுக்கறதுன்னு கேப்பாங்க. ஒண்ணும் இல்ல சாமின்னு சொன்னா, போடான்னுருவாங்க. என்னப் போடான்னா பரவால்ல. எம்பொண்ணப் போடின்னுட்டா இன்னா பண்றது? அதான் ஊரு சனமே ஆளுக்கு ஒண்ணு கொண்டாந்து வச்சிச்சி."

மனோரமா அம்மா மறுபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நானும் பேங்க்ல முப்பது வருஷம் அப்படித்தான் கேட்டேங்க" என்றார். பிறகு, "இது கடன் பணம் இல்ல. இத இல்லாதவங்களுக்குத்தான் குடுக்கறோம்."

நைனா தலை நிமிர்ந்தார். "இல்லன்னு சொன்னா குடுப்பீங்களா?"

"இல்லன்னு சொன்னாத்தான் குடுப்போம்."

நைனா என்னைப் பார்த்தார், ஆண்டாள் சின்னம்மாவைப் பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பதறிப்போனேன். இல்லை, சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"அப்ப எழுதிக்கம்மா!" என்றார். மனோரமா அம்மா புதுப் படிவம் ஒன்றை எடுத்தார்.

"டிவி இல்ல. ஃபிரிட்ஜி இல்ல. வண்டி இல்ல, ரெண்டும் இல்ல."

"பீரோ இல்ல!" என்று வாசலிலிருந்து குரு அண்ணன் குரல் கொடுத்தார்.

"கட்டிலு இல்ல!" இது வளர்மதி அக்கா.

"பட்டுப் பொடவ இல்லம்மா, அது என்னுது. முந்தானையில காப்பிக் கறை இருக்கும், பாருங்க" என்றாள் ஆண்டாள் சின்னம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. மின்விசிறி இல்லை, கேஸ் அடுப்பு இல்லை, மழைக்கு ஒழுகாத கூரை இல்லை, வீட்டுக்குப் பட்டா இல்லை. சற்று முன்பு எங்களைப் பணக்காரர்களாக்கிய அதே வாய்கள் போட்டி போட்டுக்கொண்டு எங்களை ஏழையாக்கின. "மெதுவா, மெதுவா" என்று சிரித்துக்கொண்டே எழுதினார் மனோரமா அம்மா. கட்டம் தீர்ந்துபோய் ஓரத்தில் எழுதினார், பிறகு பின்பக்கம் திருப்பினார். எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை சந்தோஷமாக எங்கள் இல்லாமையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கடைசியில் நைனா மூச்சு வாங்கி நின்றார். சிரிப்பு அடங்கியிருந்தது. "இன்னும் ஒண்ணு இருக்குதுமா. எங்க சனத்துல, இந்தக் காலனியில, டாக்டரு இல்ல. அதையும் எழுதிக்க."

மனோரமா அம்மா அதையும் எழுதினார்.

அதுவரை வாயே திறக்காத அம்மா, இரவல் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அந்த ஒண்ண மட்டும் அடிச்சிடும்மா" என்றாள். "கவர்மெண்டு காயிதம் மாதிரி இதுவும் ரொம்ப நாளு இருக்கும். அஞ்சாறு வருசத்துல அது பொய்யாப் பூடும்."

மனோரமா அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த ஒரு வரியை அடித்தார். அடித்ததற்குப் பக்கத்தில் சிறிதாகக் கையெழுத்துப் போட்டார். படிவத்தைத் திருப்பி, கீழே 'பரிந்துரை' என்றிருந்த இடத்தில் என் பெயரை எழுதி, அங்கேயும் கையெழுத்துப் போட்டார்.